வீட்டில் எல்லோர் கைக்கும் தரக்கூடிய போர்க்கால உளவு நாவல் எது?

விடுமுறையில் படிக்க ஒரு நல்ல உளவு நாவல் வேண்டும், அது உண்மையில் நடந்த ஒரு போரைப் பின்னணியாகக் கொண்டிருக்க வேண்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளை எடுத்தாலும் தாத்தா எடுத்தாலும் எந்தப் பக்கத்திலும் முகம் சுளிக்க நேரக் கூடாது என்று எண்ணுகிறவர்களுக்குத் தேர்வு எளிதாக அமைவதில்லை. இந்த வகையில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்தவற்றுள் பல, ஒரு படுக்கையறைக் காட்சியையும் ஒரு சித்திரவதைக் காட்சியையும் கட்டாயச் சரக்காகவே சேர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒற்றனின் வாழ்க்கை பொய்யிலும் மறைவிலும் நடப்பது, ஆகவே இவற்றை ஒதுக்கிவிட்டு அதை எழுத முடியாது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. எதிரில் அமர்ந்து தேநீர் குடிப்பவர் நண்பரா பகைவரா என்று தெரியாமல் அவரோடு சிரித்துப் பேச வேண்டியிருக்கிறதே, உளவு நாவலின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை எழுதத் தெரிந்தவர்களுக்கு வேறு மசாலா தேவைப்படவில்லை என்பதற்கு நூறாண்டுக்கும் மேலான சான்றுகள் நம் கையில் உள்ளன.

அவற்றிலிருந்து ஐந்து நூல்களை இங்கே ஒப்பிடுகிறேன். அகதா கிறிஸ்டியின் 'என் ஆர் எம்?', ஜான் பக்கனின் 'கிரீன்மேன்டில்', சாமர்செட் மாமின் 'ஆஷெண்டன்', எலிசபெத் வெய்னின் 'கோட் நேம் வெரிட்டி', கல்கியின் 'சிவகாமியின் சபதம்' ஆகியவை அவை. முதல் நான்கும் இரண்டு உலகப் போர்களைச் சேர்ந்தவை. ஐந்தாவது ஏழாம் நூற்றாண்டின் பல்லவர், சாளுக்கியர் போரைச் சேர்ந்தது. ஆபாசம் இல்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் ஐந்தும் தேறிவிடும் என்பதால், அந்த அளவுகோலோடு நின்றுவிட்டால் தேர்ந்தெடுக்கவே முடியாது. கொடுமையை எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது, எதிரி நாட்டவரை மனிதராகப் பார்க்கிறதா, ஏமாற்றுவதற்கு ஏமாற்றுகிறவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்கிறதா என்பவற்றையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதாகச் சொன்னதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். பொய்யை வெறும் சாமர்த்தியமாகக் காட்டி முடித்துவிடும் நாவலில் ஒரு முத்தம்கூட இல்லாவிட்டாலும், வளரும் பிள்ளைக்கு அதை நல்ல நூல் என்று கொடுக்க எனக்கு மனம் வராது.

'என் ஆர் எம்?' 1941-இல் வெளிவந்தது. கதை நடப்பது 1940-இன் வசந்த காலத்தில். நாவல் எழுதப்பட்டபோது அந்தப் போர் எப்படி முடியும் என்பது எழுதியவருக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது. அந்த ஆண்டுகளில் கிறிஸ்டி லண்டனில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பணிசெய்துகொண்டே எழுதினார். நார்வேயும் ஹாலந்தும் பிரான்சும் அடுத்தடுத்து வீழ்ந்துகொண்டிருக்க, நம் ஊருக்குள்ளேயே ஜெர்மனியின் ஆட்கள் இருக்கிறார்களோ என்ற ஐயம் இங்கிலாந்து முழுவதும் பரவியிருந்த நேரம் அது. டாமி, டப்பென்ஸ் என்ற தம்பதியர் முதல் உலகப் போரில் நாட்டுக்குத் தொண்டு செய்தவர்கள். இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டதால் எந்த அலுவலகமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. இந்த நிலையில், இறக்கும் தறுவாயில் ஓர் உளவாளி சொன்ன சில சொற்களைப் பின்பற்றி லீஹாம்ப்டன் என்ற கடற்கரை ஊரில் இருக்கும் 'சான் சூசி' என்ற தங்கும் விடுதிக்குச் செல்லுமாறு டாமியிடம் மட்டும் இரகசியமாகக் கேட்கிறார்கள். அங்கே ஒளிந்திருப்பவர் 'என்' என்ற குறிப்பெயருடைய ஆணா, 'எம்' என்ற குறிப்பெயருடைய பெண்ணா என்பதுதான் தலைப்பில் உள்ள கேள்வி.

மனைவியிடம் ஸ்காட்லாந்தில் அலுவலக வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு டாமி புறப்படுகிறான். பொய்ப் பெயரோடு விடுதிக்குள் நுழைந்து, அங்கே தங்கியிருப்பவர்கள் ஒவ்வொருவராக அறிமுகமாகும்போது, கம்பளி நூலால் ஏதோ பின்னிக்கொண்டு, மகன்களைப் பற்றி ஓயாமல் பேசும் விதவை ஒருத்தியாக அமர்ந்திருப்பவள் அவனுடைய மனைவியே. இரகசியப் பேச்சை அடுத்த அறையிலிருந்து ஒட்டுக்கேட்டுவிட்டு, அவனுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்துவிட்டாள் டப்பென்ஸ். ஐயுற முடியாத உருவமும் அஞ்சாத பார்வையும் மனத்தில் உள்ளதை வெளிவிடாத உறுதியும் ஒற்றருக்கு வேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை, ஒரு கம்பளிப் பின்னலை வைத்துக்கொண்டு இந்தக் காட்சி மெய்ப்பித்துவிடுகிறது. துப்பாக்கியும் கார் துரத்தலும் இல்லாமலே வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இந்த நாவலை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. விடுதியில் நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஓர் இளம் ஜெர்மானியன் இருக்கிறான்; எல்லோரும் அவனைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். 1940-இல் இங்கிலாந்து ஆயிரக்கணக்கான ஜெர்மன், ஆஸ்திரிய அகதிகளை உண்மையிலேயே முகாம்களில் அடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அந்தப் பாத்திரத்தைச் சுற்றி எழும் பேச்சுகள் கூர்மையாகத் தெரியும். போரில் இருக்கும் நாட்டின் எழுத்தாளரிடமிருந்து வெறுப்பை எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் டப்பென்ஸோ, ஒரு நாடாக ஜெர்மனியின்மீது எவ்வளவு சினம் கொண்டாலும், மகனிடமிருந்து சேதி வருமா என்று காத்திருக்கும் ஒரு ஜெர்மானியத் தாயை நினைத்தால் தன் மனம் மாறிவிடுவதாகச் சொல்கிறாள். குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் இருந்துகொண்டு எழுதப்பட்ட வரிகள் என்பதால் அவற்றுக்கு எடை கூடுகிறது.

இந்நூலோடு சேர்ந்து வரும் ஓர் உண்மைச் செய்தியும் உண்டு. விடுதிவாசிகளில் ஒருவருக்கு மேஜர் பிளெட்ச்லி என்று கிறிஸ்டி பெயர் வைத்திருந்தார். அப்போது ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் மிக இரகசியமான பணி பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் நடந்துகொண்டிருந்ததால், அந்தப் பெயர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று பிரிட்டனின் உளவுத்துறையே கவலைப்பட்டது. அங்கே பணியாற்றிய அறிஞர் டில்லி நாக்ஸ், கிறிஸ்டிக்கு நண்பர் என்பதால் நயமாகக் கேட்டுப் பார்த்தார். ரயில் அந்த ஊரில் நெடுநேரம் நின்றுவிட்ட எரிச்சலில், தனக்குப் பிடிக்காத ஒரு பாத்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்ததாகப் பதில் வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு நூலைக் கொடுத்துப் பாருங்கள், அவர்களே ஆவலோடு முதல் பக்கத்தைத் திறப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தற்செயல்கள் கொஞ்சம் அதிகம். முடிவுப் பகுதி அவசரமாக ஓடுகிறது. ஒரு குழந்தை கடத்தப்படும் கட்டம் மிகச் சிறிய பிள்ளைகளைப் பயமுறுத்தலாம். ஏமாற்றத்தின் விலையும் இதில் இலேசாகவே தொடப்படுகிறது. ஆங்கிலம் எளிமையானது என்பதால், ஆங்கில நாவல் படிக்கத் தொடங்கும் மாணவருக்கும் இது கைக்கு அடங்கும்.

'கிரீன்மேன்டில்' முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. 1916-இல், அதாவது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே வெளிவந்த இந்நாவலில், பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் காயமடைந்த ரிச்சர்ட் ஹானே என்ற அதிகாரியிடம் ஒரு சிறிய தாள் கொடுக்கப்படுகிறது. உயிரைக் கொடுத்து ஓர் ஒற்றன் கொண்டுவந்த அந்தத் தாளில் மூன்று குறிப்புகளே இருக்கின்றன. அவற்றின் பொருளைத் தேடி ஹானேயும் தோழர்களும் தனித்தனி வழியாகப் பகைவரின் நிலத்தைக் கடந்து கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) சந்திக்க வேண்டும். அங்கிருந்து கதை கிழக்குத் துருக்கியின் எர்சுரம் கோட்டைக்கு நகர்கிறது. 1916 பிப்ரவரியில் ரஷ்யப் படை அந்தக் கோட்டையைக் கைப்பற்றியது வரலாறு. முஸ்லிம் நாடுகளையும் இந்தியாவையும் பிரிட்டனுக்கு எதிராகக் கிளப்பிவிட ஜெர்மனி போட்ட திட்டமும் கற்பனையன்று. 1914 நவம்பரில் உதுமானியப் பேரரசு புனிதப் போரை அறிவித்தது. பெர்லினில் இந்தியப் புரட்சியாளர்களின் குழு ஒன்று இயங்கியது. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான செண்பகராமன் பிள்ளையும் அதில் இருந்தார்.

வேகத்தைப் பொறுத்தவரை இந்த ஐந்தில் இதுதான் முதலிடம். மனிதத்தன்மை வெளிப்படும் ஓரிடமும் இருக்கிறது. ஜெர்மனியின் காட்டுப் பகுதியில் மலேரியாக் காய்ச்சலோடு தப்பி ஓடும் ஹானேயை, கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் குழந்தைகளோடு வறுமையில் இருக்கும் ஒரு ஜெர்மானியப் பெண் தன் குடிசையில் வைத்துக் காப்பாற்றுகிறாள். அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது, போர் என்பது இவளைப் போன்றவர்கள்மீது விழும் சுமை என்று அவனுக்கு உறைக்கிறது. இவ்வளவு இருந்தும் இதை முதல் நூலாக நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டிஷ் பேரரசின் நன்மையே உலகத்தின் நன்மை என்ற நம்பிக்கை நூல் முழுவதும் கேள்வியின்றி ஓடுகிறது. துருக்கியரையும் பிற இனத்தாரையும் பற்றிய சொற்கள் பல இடங்களில் இன்று காதுக்கு நாராசமாக ஒலிக்கும். காலனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டின் வாசகர்களாகிய நாம், இந்தியாவில் கிளர்ச்சி வந்துவிடுமோ என்று கதாநாயகன் அஞ்சும் இடத்தில் அவனோடு சேர்ந்து அஞ்ச முடியாது. பெரியவர் ஒருவர் அருகிலிருந்து பேசிக்கொண்டே படிக்க வைப்பாரானால் நல்ல வாசிப்பு. தனியே கொடுப்பதாக இருந்தால் பதினாறு வயதுக்கு மேல் கொடுக்கலாம். பதிப்புரிமை முடிந்த நூலாதலால் கூட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

'ஆஷெண்டன்' 1928-இல் வந்தது. தனித்தனிக் கதைகளாகவும் படிக்கலாம், ஒரே நாவலாகவும் படிக்கலாம். மாம் முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக ஸ்விட்சர்லாந்தில் பணிபுரிந்தவர். 1917-இல் அக்டோபர் புரட்சிக்கு முன்பான ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடுக்கும் அதே வேலையாக அனுப்பப்பட்டவர். எழுத்தாளர் என்ற அடையாளத்தையே போர்வையாக்கிக்கொண்டு ஜெனீவாவில் தங்கும் ஆஷெண்டன் அவருடைய நிழல்தான். இந்தத் தொழிலுக்குள் இருந்து வந்தவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. வாரத்தில் சில நாள் சந்தைக்குப் போய், ஏரிக்கு அப்பாலுள்ள பிரெஞ்சு நிலத்திலிருந்து வெண்ணெய் விற்க வரும் ஒரு கிழவியிடம் வெண்ணெய் வாங்குவது ஆஷெண்டனின் கடமைகளில் ஒன்று. அவள் கொடுக்கும் சில்லறையோடு சில நாள் ஒரு துண்டுத் தாளும் கைமாறும். பிடிபட்டால் அந்தக் கிழவிக்குச் சிறை. சந்தையின் கூச்சலுக்கு நடுவே, காய்கறிக் கூடைகளுக்கு மத்தியில், வெண்ணெயின் விலையைக் கேட்டபடி இது நடக்கிறது. பெரும்பாலான நாள்களில் செய்தி எதுவும் இருப்பதில்லை. அந்த வெறுமையையும் சலிப்பையும் மாம் அப்படியே எழுதியிருப்பதால்தான், அபாயம் வரும்போது அது உண்மையான அபாயமாகத் தெரிகிறது.

நமக்கு இந்நூல் நெருங்கிவரும் இடம் ஒன்று உண்டு. சந்திரலால் என்ற இந்தியப் புரட்சியாளரைப் பிரான்சின் எல்லைக்குள் வரவழைத்துப் பிடிக்க, அவர் உண்மையாக நேசிக்கும் ஒரு நடனப் பெண்ணையே தூண்டிலாக்குகிறார்கள். சரோஜினி நாயுடுவின் சகோதரரும் பெர்லின் இந்தியக் குழுவின் முக்கியத் தலைவருமான வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரம் படைக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பிரிட்டிஷ் ஆட்சியின் முழு வலிமையையும் ஏறக்குறைய ஒற்றை ஆளாக எதிர்க்கத் துணிந்தவனை மதிக்காமல் இருக்க முடியவில்லை என்று, அவனைப் பிடிக்க அனுப்பப்பட்ட ஆஷெண்டனே தன் மேலதிகாரியிடம் சொல்கிறான். அந்த அதிகாரிக்கு இது விளங்குவதில்லை. அழுது மன்றாடும் அந்தப் பெண்ணைக் கொண்டே கடிதம் எழுதவைக்கும் வேலையையும் ஆஷெண்டன்தான் செய்கிறான், செய்து முடிக்கிறான். மதிப்பும் துரோகமும் ஒரே மனிதனின் கையில் இருப்பதை இத்தனை நேராக எழுதிய பக்கங்கள் உளவு இலக்கியத்தில் அரிது.

வெளிப்படையான காட்சி எதுவும் இல்லாவிட்டாலும், இந்தக் கதைகளின் உள்ளே இருப்பது பெரியவர்களின் உலகம். காதலியர், கள்ள உறவுகள், கூலிக்குக் கொல்பவன் எனப் பலவும் பேச்சில் வரும். நல்லவர்கள் வென்றார்கள் என்ற நிம்மதியும் கிடைக்காது. எனவே இதைக் குடும்பத்தோடு படிக்கும் நூலாக நான் சொல்லமாட்டேன். கல்லூரி வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாக உளவு நாவல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு, முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

இளையோருக்கான நூல் என்ற பெயரோடு 2012-இல் வந்த 'கோட் நேம் வெரிட்டி'யைப் பற்றிப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அதில் ஆபாசமில்லை. ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பிரான்சில் 1943-இல் பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் பெண் உளவாளி, தன்னைப் பிடித்தவர்களுக்காக எழுதும் வாக்குமூலமாக அந்த நாவல் தொடங்குகிறது. அவள் மாட்டிக்கொண்ட காரணம், சாலையைக் கடக்கும்போது இங்கிலாந்துப் பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்ததுதான். வண்டிகள் இடப்புறம் போகும் நாட்டில் வளர்ந்தவருக்கு இந்த ஒரு விவரமே மயிர்க்கூச்செறிய வைக்கும். இரு பெண்களின் நட்பு இதன் நடுநாயகம். அந்த நட்பை எழுதியிருக்கும் விதம் மிக உயர்ந்தது. ஆனால் சித்திரவதை இதில் கதையின் ஓரத்தில் இல்லை, மையத்திலேயே இருக்கிறது. அது பொய்யான மிகையுமன்று. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் உளவாளி நூர் இனாயத் கான், பாரிஸிலிருந்து வானொலிச் செய்திகளை அனுப்பி, காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பரில் தாக்காவ் முகாமில் கொல்லப்பட்டதை அறிந்தவர்கள் இதை உணர்வார்கள். இளையோர் அலமாரியில் இருக்கிறதே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். பதினைந்து வயதுக்கு மேல், மனம் திடமான வாசகருக்கு, பெற்றோரும் படித்துவிட்டுத் தருவது நல்லது.

பலர் பரிந்துரைக்கும் வேறு இரண்டையும் ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். அலிஸ்டர் மக்லீன் 1967-இல் எழுதிய 'வேர் ஈகிள்ஸ் டேர்' காதல் காட்சிகளுக்கு அதிக இடம் கொடுக்காது. பவேரிய மலைக்கோட்டைக்குள் நுழையும் குழுவில் யார் துரோகி என்ற திருப்பங்கள் அருமை. ஆனால் அது உளவு நாவல் என்பதைவிடப் படை சாகசம், மனிதர்கள் சதுரங்கக் காய்களாகவே நகர்கிறார்கள். கென் ஃபாலெட்டின் 'ஐ ஆஃப் தி நீடில்' 1978-இல் வந்தது. நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்பு, இல்லாத ஒரு படையை இருப்பதாகக் காட்டி ஹிட்லரை ஏமாற்றிய உண்மை நிகழ்ச்சியை இவ்வளவு இறுக்கமாகக் கதையாக்கியவர் குறைவு. என்றாலும் அதன் வெளிப்படையான காட்சிகள் காரணமாக இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இனி 'சிவகாமியின் சபதம்'. இதைக் காதல் காவியம் என்றும் சிற்பக் கலைக்கும் நடனத்துக்குமான புகழுரை என்றும் சொல்லிச் சொல்லியே, இது தமிழில் எழுந்த பெரிய உளவு நாவல்களில் ஒன்று என்பதை மறந்துவிட்டோம். முதல் மூன்று பாகங்களின் கதையை நகர்த்துவது ஒற்றர்களே. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1944-இல் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1946 வரை தொடராக வந்த நாவல் இது. முற்றுகைக்கு ஆயத்தமாகும் நகரம், சேதி வராத தவிப்பு, அகதிகளின் கூட்டம் ஆகியவற்றைச் செய்தித்தாளில் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த வாசகர்கள் காஞ்சி முற்றுகையைப் படித்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துறவியின் கோலத்தில் சென்று, என்ன நேர்ந்தாலும் சோராமல் மறைபொருளை ஆராய்பவனே ஒற்றன் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்துக்கு உருவம் கொடுத்ததுபோல, புத்த பிக்ஷுவாக வந்து நிற்கிறார் நாகநந்தி. எதிர்ப்பக்கத்தில் பல்லவரின் ஒற்றர் தலைவன் சத்ருக்னன் இருக்கிறான். ஆயனரின் சிற்பக் கூடத்தில் மாணவனாக உளி பிடித்துக்கொண்டே அவனுக்குச் செய்தி சேர்க்கும் குண்டோதரனும் இருக்கிறான். கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்த பரஞ்சோதி, அஜந்தாவின் அழியாத வர்ண இரகசியத்தைக் கேட்கும் ஓலை என்று நம்பி ஓர் ஓலையை வடக்கே எடுத்துச் செல்கிறான். உண்மையில் அது சாளுக்கியச் சக்கரவர்த்தி புலிகேசிக்கு நாகநந்தி எழுதியது. வழியில் துணைக்கு வரும் வஜ்ரபாஹு என்ற வீரன், இரவில் பரஞ்சோதி அயர்ந்து உறங்கும்போது அந்த ஓலையை எடுத்துப் படித்துவிட்டு, வேறோர் ஓலையை அதன் இடத்தில் வைத்துவிடுகிறான். காலையில் எதுவும் அறியாத இளைஞன் குதிரையேறிப் போகிறான். இரண்டு பேரரசுகளின் போர்த் திட்டமும் அவன் மடியில் இருக்கிறது. அவனுக்கு மட்டும் அது தெரியாது. எந்த நாட்டு உளவு நாவலோடும் தயங்காமல் சேர்த்து வைக்கத்தக்க கட்டம் இது.

நான் அதிக மதிப்புக் கொடுப்பதாகச் சொன்ன அளவுகோலில் இந்நூல் மற்ற நான்கையும் விஞ்சுகிறது. தந்திரத்தை நாம் கைதட்டி ரசிக்கும்படி எழுதிய கல்கி, அதே தந்திரங்கள் திரும்பி வந்து யார் தலையில் விழுகின்றன என்பதையும் தவறாமல் காட்டுகிறார். மகேந்திர பல்லவரின் மதிநுட்பத்தை முதலிரண்டு பாகங்களில் வியந்துகொண்டு வந்த வாசகர், புலிகேசியைக் காஞ்சிக்குள் விருந்தினராக அழைக்கும் முடிவுக்குப் பிறகு நடப்பவற்றைப் படிக்கும்போது, அந்த வியப்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். ஒற்றரும் மன்னரும் ஆடிய ஆட்டத்தில் பங்கில்லாத சிற்பிகளும் கிராமத்து மக்களும்தான் கடைசியில் தண்டனை பெறுகிறார்கள். நாகநந்தியையும் வெறும் வில்லனாகக் கல்கி விட்டுவிடவில்லை. கலையின்மீதான மோகம் ஒரு மனிதனை எப்படி உயர்த்தும், எப்படிக் கெடுக்கும் என்பதை அவர்வழி காண்கிறோம்.

கொடுமைக் காட்சிகள் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. சிற்பிகளின் கை கால்களை வெட்ட உத்தரவிடப்படுவதும், சாளுக்கியத் தலைநகரான வாதாபியின் வீதிகளில் சிறைப்பட்ட தமிழர்கள் சவுக்கடிபடுவதும், அவர்களை அந்த அடியிலிருந்து காக்க ஆயனரின் மகள் சிவகாமி நாற்சந்தியில் ஆடுவதும் நெஞ்சைப் பிசையும் இடங்கள். ஆனால் கல்கி அவற்றில் நின்று சுவைப்பதில்லை. நடந்ததைச் சொல்லி, அதன் துயரத்தை நம்மிடம் விட்டுவிட்டுக் கடந்துபோகிறார். இதே காலப்பகுதிகளைக் களமாகக் கொண்ட வேறு பல தமிழ்ச் சரித்திர நாவல்கள் பெண்களின் உடலை வருணிப்பதற்கே பக்கம் பக்கமாக ஒதுக்கியதை நினைத்தால், இந்தக் கட்டுப்பாட்டின் அருமை விளங்கும். வரலாற்றுச் சட்டகமும் உறுதியானது. 642-ஆம் ஆண்டளவில் வாதாபியை மகேந்திரரின் மகன் நரசிம்மவர்மர் வென்றதற்கு அவ்வூரிலேயே கல்வெட்டுச் சான்று இருக்கிறது. பின்னாளில் சிறுத்தொண்டர் எனப்பட்ட பரஞ்சோதி அந்நகரை அழித்த செய்தியைப் பெரியபுராணம் சிறுத்தொண்டர் வரலாற்றில் சொல்கிறது. நாகநந்தி, சிவகாமி, ஆயனர் ஆகியோர் கற்பனை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல் தேர்வுத்தாளில் எழுதிவிடுவார்கள்.

இதன் சிரமம் நீளம். நான்கு பாகங்கள், தொடர்கதைக்கே உரிய பின்னோக்கிய நினைவூட்டல்கள், நான்காம் பாகத்தில் உளவின் சரடு மெலிந்து போரும் சோகமும் மேலோங்குவது ஆகியவை, இரண்டு நாளில் ஒரு நாவலை முடித்துப் பழகியவர்களுக்குத் தடையாகத் தெரியலாம். முதல் பாகமான 'பரஞ்சோதி யாத்திரை'யை மட்டும் தனி உளவு நாவலாகக் கருதித் தொடங்கினால் அந்தத் தயக்கம் தானே போய்விடும்.

ஆகவே என் முடிவு, வாங்குபவரின் வீட்டைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. தமிழில் சரளமாகப் படிக்கும் வீடாக இருந்தால் 'சிவகாமியின் சபத'த்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கும் பழக்கத்துக்கு அதன் சிறிய அத்தியாயங்கள் அளவெடுத்ததுபோல் பொருந்தும். பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், சில நாள்களில் முடியும் நூல் வேண்டும் என்றால் 'என் ஆர் எம்?' தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றைப் படித்தவர் வளர்ந்து 'ஆஷெண்ட'னுக்கு வரும்போது, அங்கே கிடைக்கும் கசப்பை ஏற்றுக்கொள்ளும் பக்குவத்தோடு வருவார்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால், பல பதிப்பகங்கள் இந்நாவலைக் குறைந்த விலையிலும் வெளியிடுகின்றன. மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பும் இலவசமாக உண்டு. விலையைப் பார்த்துச் சுருக்கப் பதிப்பை மட்டும் வாங்கிவிட வேண்டாம். யாரோ ஒருவர் போகிறபோக்கில் சொல்லும் சொல், வழியில் கண்ட ஒரு முகம், சத்திரத்தில் கேட்ட ஒரு பேச்சு என்று தேவையற்றவைபோல் தோன்றும் சிறு நிகழ்ச்சிகளில்தான் கல்கி துப்புகளை ஒளித்து வைத்திருக்கிறார், சுருக்குகிறவரின் கத்தரி முதலில் அவற்றின்மீதுதான் விழும்.